தோலுரிந்த கைப்பிடி

கல்யாண மண்டபத்தில் பக்கத்து நாற்காலிக்காரர் "என்ன கெர்ஜா பண்றீங்க?" என்று வேலையைப் பற்றிக் கேட்டால் திருச்செல்வம் முதலில் "டிசைன்" என்பார். கேட்டவர் முகத்தில் ஒரு மரியாதை வரும். வீடு வரைகிறவரோ, காடி, அதாவது கார், வரைகிறவரோ என்று அவர் மனத்துக்குள் ஓடும். அந்த மரியாதை நன்றாகப் பழுத்து வரும் நேரம் பார்த்துத் திருச்செல்வமே அதைத் தட்டிக் கீழே போடுவார்.

"கக்கூஸ்ல செவத்துல ஒரு தண்ணி ஸ்பிரே மாட்டியிருக்கும்ல? அதுக்குக் கைப்பிடி வரையறேன்."

அவர்தான் முதலில் சிரிப்பார். அடுத்தவர் சிரிப்பதற்கு முன்பு தானே சிரித்துவிட வேண்டும் என்பது பள்ளிக்கூடத்திலேயே அவர் கற்றுக்கொண்ட தற்காப்பு.

மலேசியாவில் ரந்தாவ் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர் அவர். அப்பா திருநாவுக்கரசும் அம்மாவும் பால்மரம் வெட்டினார்கள்; ரப்பர் மரத்தைச் சீவிப் பால் எடுப்பதை அங்கே அப்படித்தான் சொல்வார்கள். மரத்தில் உறைந்து கிடக்கும் ஒட்டுப்பாலைச் சாக்கில் அள்ளி வருவார்கள். அந்த நாற்றம் இருக்கிறதே, அது சோப்புக்கு மசியாது. பிள்ளைகளின் வெள்ளைச் சட்டையிலும் ஏறி உட்கார்ந்துகொள்ளும். வகுப்பில் யாராவது மூக்கைப் பொத்துவதற்கு முன்பே திருச்செல்வம் தன் மூக்கைப் பொத்திக்கொண்டு, "ஐயோ, யார்ரா இங்க நாறுறது? அடச்சே, நானா!" என்பார். வகுப்பு விழுந்து விழுந்து சிரிக்கும். அதற்கு மேல் அவரைக் கேலி செய்ய யாருக்கும் எதுவும் மிஞ்சாது.

பள்ளியின் கடைசி வகுப்பான ஐந்தாம் படிவம் முடித்தபோது வாழ்க்கையில் என்ன ஆகப்போகிறோம் என்று அவருக்குத் தெரியாது. எது ஆகக் கூடாது என்று மட்டும் தெரிந்திருந்தது. இனி ரப்பரைக் கையால் தொடுவதில்லை. பாலிடெக்னிக்கில் இயந்திரத் தொழில் படித்தார். சிரம்பானுக்கு வெளியே தொழிற்பேட்டையில் லிம் என்பவர் நடத்திய பிளாஸ்டிக் தொழிற்சாலையில் சேர்ந்தார். பிளாஸ்டிக் மணிகளை உருக்கி, இரும்பு அச்சுக்குள் அழுத்திச் செலுத்தி, ஆறியதும் வெளியே தள்ளும் இயந்திரங்கள் அங்கே ராப்பகலாக ஓடின. வாளி, கூடை, விசிறிக் கால், சோப்புப் பெட்டி. எந்தச் சாமான் எந்த உருவத்தில் வர வேண்டும், அதற்கு அச்சு எப்படித் திறக்க வேண்டும் என்று கணினியில் வரைவது திருச்செல்வத்தின் வேலை.

பெண் பார்க்கப் போன அன்றும் அவர் இதைத்தான் சொல்லியிருக்கிறார். அவருடைய மனைவி குமுதவல்லி, கிளினிக்கில் மருந்து எடுத்துக் கொடுக்கிறவர், அந்தக் கதையை இன்றும் சொல்வார்: "வாளி வரையறேன்னாரு. வாளியில வரையறதுக்கு என்னங்க இருக்குன்னேன். 'அடி, வாய், காது. மனுசனுக்கு இருக்கிறதுல பாதி இருக்கு'ன்னாரு. சிரிச்சுத் தொலச்சிட்டேன். மாட்டிக்கிட்டேன்."

திருச்செல்வத்திடம் வேறொரு பழக்கமும் இருந்தது. யார் எதைக் கேட்டாலும் "பொலே" என்பார். முடியும் என்று அர்த்தம். முடியுமா என்று யோசிக்கிற வேலையெல்லாம் அந்தச் சொல் வாயை விட்டு வெளியே போன பிறகுதான் தொடங்கும். இந்தப் பழக்கத்தால் தோட்டக் கோயில் திருவிழாவில் ஒருமுறை ஒலிபெருக்கி பழுது பார்க்கப் போய், அம்மன் ஊர்வலத்தையே ஊமைப் படமாக ஆக்கியிருக்கிறார். அப்படியும் திருந்தவில்லை.

லிம் ஒருநாள் அவரைக் கூப்பிட்டார். கோலாலம்பூரில் குளியலறைச் சாமான் விற்கும் கம்பெனி ஒன்று, கழிப்பறை ஸ்பிரே கேட்கிறது. ஆனால் பிடித்தால் மெத்தென்று இருக்க வேண்டும். மேலே ரப்பர் போர்த்தியிருக்க வேண்டும். "பொலே கா?" என்றார் லிம்.

"பொலே, பாஸ்" என்றார் திருச்செல்வம். பதினெட்டு வருஷமாக அவர் வரைந்ததெல்லாம் கட்டிப் பிளாஸ்டிக். மெத்தென்று ஒன்றை வாழ்நாளில் வரைந்ததில்லை.

அன்று மாலை வீட்டில் அப்பாவுக்கு விளக்க வேண்டியிருந்தது. திருநாவுக்கரசு மகனோடுதான் ரந்தாவ் தாமான் குடியிருப்பில் இருந்தார். டிவி முன்னால் உட்கார்ந்து, நாற்காலி உறையின் நூலை நகத்தால் நோண்டிக்கொண்டே கேட்டார்.

"ரப்பரா?"

"ரப்பர் இல்லப்பா. ரப்பர் மாதிரி."

"மாதிரின்னா?"

"மரத்துலேர்ந்து வராது. மணி மணியா மூட்டையில வரும். மொதல்ல கட்டிப் பிளாஸ்டிக்ல உடம்ப ஊத்திக்கணும். அத இன்னொரு அச்சுக்குள்ள வச்சு, சுத்தி இத உருக்கி ஊத்தணும். கோரேங் பீசாங் இல்ல? உள்ள வாழப்பழம், மேல மாவு. அதேதான்."

அப்பா நோண்டுவதை நிறுத்திவிட்டு மகனைப் பார்த்தார். "ரப்பரே வேணாம்னு ஓடினியே. ஓடி ஓடி, கடைசியில அதுக்கே வந்து மாவு பெசையிறியா?"

திருச்செல்வம் சிரித்தார். இதை அவரே சொல்லியிருக்க வேண்டும். அப்பா முந்திக்கொண்டதில் சின்ன வருத்தம்தான்.

அந்த வேலை அவருக்குப் பிடித்துப்போனது என்பதுதான் உண்மை. வாளியை யாரும் ரசித்துத் தடவிப் பார்ப்பதில்லை. இது ஒரு கையின் உள்ளங்கைக்குள் அடங்கி உட்காரப் போகிற சாமான். வெள்ளை உடம்பின் மேல் கடல்நீலத் தோல். அந்தத் தோல் இரண்டு பக்கமும் வளைந்து வந்து, மாவிலையின் நுனி போல மெலிந்து மெலிந்து, எங்கே முடிகிறது என்று தெரியாமல் வெள்ளையோடு கரைந்துவிட வேண்டும். அப்படித்தான் வரைந்தார். கணினித் திரையில் அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். கழிப்பறைச் சாமானுக்கு இவ்வளவு அழகு தேவையா என்று தன்னையே கேட்டுக்கொண்டு, தேவைதான் என்று தானே பதிலும் சொல்லிக்கொண்டார்.

மென்பிளாஸ்டிக் விற்கும் கம்பெனியில் புனிதா என்கிற பெண் தொழில்நுட்ப ஆலோசகராக இருந்தார். வரைபடத்தைப் பார்த்துவிட்டு அவரே போன் செய்தார்.

"அண்ணே, ஓரத்த இப்படி மெல்லிசா இழச்சு விடாதீங்க. அந்த எடத்துலதான் உரியத் தொடங்கும். உடம்புல ஒரு பள்ளம் வெட்டுங்க. ரப்பர் கனமா வந்து அந்தப் பள்ளத்துல முட்டி நிக்கணும். ரெண்டு மூணு ஓட்டையும் போட்டா ரப்பர் உள்ள பூந்து கெட்டியா பிடிச்சுக்கும்."

"பள்ளம் வெட்டினா அழகு போயிரும்மா."

"அழக யாருண்ணே பாக்கப் போறாங்க அங்க உக்காந்துக்கிட்டு?"

"இது ஸ்பிரே லா புனிதா, கப்பல் இல்ல."

புனிதா சிரித்தார். சிரித்துவிட்டு, "உள் உடம்பு பிபி பிளாஸ்டிக்தானே? அதுக்குத்தான் இந்த ரக ரப்பர் ஒட்டும். மாத்தினா எனக்கு ஒரு வார்த்த சொல்லுங்க" என்றார்.

"சொல்றேன் லா."

அடுத்த மாதமே உடம்பு மாறியது. பிபியில் பளபளப்பு போதவில்லை, ஏபிஎஸ் பிளாஸ்டிக்கில் செய்யுங்கள் என்று கோலாலம்பூர்க்காரர்கள் கேட்டார்கள். "பொலே" என்றார் திருச்செல்வம். புனிதாவுக்கு ஒரு வார்த்தை சொல்ல வேண்டும் என்பது அவருக்கு நினைவு வரவே இல்லை.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். ஒட்டாத ரப்பர் உடனே விழுந்துவிடாது. சூடாக ஊற்றிய தோல் ஆறும்போது கொஞ்சம் சுருங்கும். சுருங்கி, உள்ளே இருப்பதை இறுக்கிக் கட்டிக்கொள்ளும். பார்க்கிறவருக்கு ஒட்டியிருப்பது போலவே இருக்கும். மாதிரிச் சாமான்கள் வந்தபோது எல்லாரும் அழுத்திப் பார்த்தார்கள், முறுக்கிப் பார்த்தார்கள். காய்ந்த கையால் பார்த்தார்கள். கழிப்பறை ஸ்பிரேயைக் காய்ந்த கையால் பிடிக்கிறவர் உலகத்தில் யார் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. திருச்செல்வத்துக்கும்தான்.

சாமான் கடைகளுக்குப் போனது. திருச்செல்வம் தன் வீட்டில் ஒன்று மாட்டினார். சொந்தக்காரர்களுக்கெல்லாம் ஆளுக்கொன்று கொடுத்தார். தீபாவளிக்கு முறுக்குக் கொடுப்பது போல அவர் கழிப்பறை ஸ்பிரே கொடுத்துக்கொண்டு வந்தார் என்று குமுதவல்லி தலையில் அடித்துக்கொண்டார்.

குமுதவல்லியின் தங்கை லோகேஸ்வரியும் அவர் கணவர் ரவிச்சந்திரனும் லாபுவில் புது வீடு வாங்கியிருந்தார்கள். புதுமனைப் புகுவிழாவுக்கு முதல் நாளே போய் இரண்டு குளியலறையிலும் திருச்செல்வம் தன் கையாலேயே ஸ்பிரேயை மாட்டிவிட்டு வந்தார். மறுநாள் வந்தவர்களையெல்லாம் லோகேஸ்வரி வீடு காட்டக் கூட்டிப் போனார். சமையலறை, சாமி அறை, அடுத்து குளியலறை. "இது எங்க மாமா டிசைன் பண்ணது" என்று கதவைத் திறந்து காட்டினார். சேலை கட்டிய பெண்கள் வரிசையாக எட்டிப் பார்த்துத் தலையாட்டினார்கள். திருச்செல்வம் வாசலில் நின்று, "அங்க என்ன லா கூட்டம், அர்ச்சனை நடக்குதா?" என்றார். உள்ளுக்குள் அவருக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

விருந்தினரில் பெரியவர் நாச்சியப்பன். சிரம்பானில் கடை வைத்திருப்பவர். ரவிச்சந்திரன் முதன்முதலாக வேலை பார்த்தது அவரிடம்தான். வெள்ளை வேட்டி, பட்டுச் சட்டை, சத்தம் போட்டுப் பேசாத மனிதர். இலையில் பாயசம் வரை சாப்பிட்டு முடித்துவிட்டு, "கொஞ்சம் பாத்ரூம் போய்ட்டு வந்துர்றேன்" என்று எழுந்து போனார்.

சற்று நேரத்தில் உள்ளே ஏதோ விழுகிற சத்தம். அதைத் தொடர்ந்து சுவரில் தண்ணீர் அடிக்கிற சத்தம். பிறகு நாச்சியப்பனின் குரல், அவசரத்திலும் மரியாதை கெடாமல்: "யாராச்சும் மோட்டுக் குழாய அடைங்கப்பா."

மோட்டு என்றால் மேலே. மேல் தொட்டியிலிருந்து வரும் பெரிய குழாயை ரவிச்சந்திரன் வெளியே ஓடிப் போய் அடைத்தார். கதவு திறந்தது. நாச்சியப்பன் தலையிலிருந்து வேட்டி நுனி வரை சொட்டச் சொட்ட நின்றார். வலது கையில் கடல்நீலத்தில் ஒரு தோல், உரித்த வாழைப்பழத்தோல் போலத் தொங்கிக்கொண்டிருந்தது.

"மன்னிச்சுக்கங்க, புது வீட்டுல ஒடச்சுப்புட்டேன்" என்றார் அவர் வீட்டுக்காரரிடம். "சோப்புக் கையோட பிடிச்சேன். இது மட்டும் எங் கையோட வந்துருச்சு. மத்தது கீழ விழுந்து, விசை அமுங்குனபடியே துள்ளுச்சு."

கூடத்தில் இருந்த எல்லாரும் தோலைப் பார்த்தார்கள். பிறகு, காலையில் லோகேஸ்வரி சொன்னது ஒவ்வொருவருக்காக நினைவு வர, ஒவ்வொருவராகத் திருச்செல்வத்தைப் பார்த்தார்கள்.

யாராவது சிரித்துவிடுவார்கள். அதற்குள் முந்திக்கொள்ள வேண்டும். "அது ஒடயல ஐயா" என்றார் திருச்செல்வம். "நம்ம ஊரு வெக்கைக்குச் சட்டைய கழட்டிருச்சு."

கூடம் வெடித்துச் சிரித்தது. ரவிச்சந்திரன் சுவரில் சாய்ந்துகொண்டு சிரித்தார். திருச்செல்வமும் சிரித்தார். நாச்சியப்பன் மட்டும் சிரிக்கவில்லை. துண்டு கேட்டார். துண்டை வாங்கக் கையை நீட்டியபோதுதான் முழங்கையில் சிராய்த்து ரத்தம் கசிவது தெரிந்தது. துள்ளிய குழாயைப் பிடிக்கப் போய்க் கால் வழுக்கி, சுவரில் கையை ஊன்றியிருக்கிறார். குமுதவல்லி மருந்துப் பெட்டி எடுக்க ஓடினார். திருச்செல்வத்தின் சிரிப்பு வாயிலேயே நின்றுவிட்டது. அதை மூடவும் தெரியாமல் தொடரவும் தெரியாமல் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றார்.

திரும்பி வரும்போது காடியின் இரண்டு பக்கமும் செம்பனை மரங்கள் போய்க்கொண்டே இருந்தன.

"நீங்க அவருகிட்ட மன்னிப்பு கேக்கலங்க" என்றார் குமுதவல்லி. "ஜோக்கு சொன்னீங்க."

"எல்லாரும் சிரிச்சாங்கல்ல?"

"அவரு சிரிக்கல."



அடுத்த வாரம் முழுக்கக் குடும்ப வாட்ஸாப்பில் படங்கள் வந்தன. பந்திங்கிலிருந்து ஒரு மாமா, உரிந்த தோலைச் சுட்டு விரலில் மாட்டிப் படம் எடுத்து அனுப்பினார். ஒரு சித்தி அதை மோட்டர் சைக்கிள் பிடியில் மாட்டியிருந்தார். திருநாவுக்கரசு மகன் வீட்டிலேயே மாட்டியிருந்த ஸ்பிரேயில் உரிந்ததை எடுத்துக் கைத்தடியின் தலையில் நுழைத்தார். ஸ்பிரேயில் நிற்காத தோல், தடியில் போனதும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது. இழுத்தாலும் வரவில்லை.

"நாங்க மரத்துல தோல உரிச்சாத்தான் ரப்பர் வரும்" என்றார் அப்பா, தடியைத் தட்டிப் பார்த்துக்கொண்டே. "ஒன் ரப்பரு தானே தோலா உரியுது. ஒரு ஆள் கூலி மிச்சம்."

கடைகளிலிருந்தும் சாமான் திரும்பி வரத் தொடங்கியது. லிம் கூப்பிட்டபோது மேசை மேல் ஒரு பெட்டி நிறையத் தோலும், பக்கத்தில் தோலில்லாத வெள்ளை எலும்புகளும் இருந்தன. உள்ளே நுழையும்போதே திருச்செல்வம் ஆரம்பித்துவிட்டார். தான் ஒரு மடையன், தன் தலைக்குள் இருப்பதும் பிளாஸ்டிக்தான், தன்னை வாளி வரைய மட்டும்தான் விட வேண்டும், அதிலும் மூடியில்லாத வாளி. இந்தப் பாட்டு வழக்கமாக வேலை செய்யும். திட்ட வந்தவர் நடுவில் சிரித்துவிடுவார், விஷயம் அத்தோடு ஆறிப்போகும்.

லிம் கடைசி வரை கேட்டார். பிறகு மலாயில் அமைதியாகச் சொன்னார்: "நீ மடையன் என்பது எனக்குத் தெரியும். அதை நான் கேட்கவில்லை. கைப்பிடிக்கு என்ன கேடு? அதைச் சொல்."

தோல் ஏன் உரிகிறது என்று திருச்செல்வத்துக்கு உண்மையிலேயே தெரியவில்லை. இத்தனை நாளும் தன்னைத் திட்டிக்கொண்டிருந்தாரே தவிர, கைப்பிடியைக் கையில் எடுத்து ஒரு தடவைகூட ஒழுங்காகப் பார்க்கவில்லை. தன்னைப் பற்றிப் பேசுவது அவருக்கு அவ்வளவு பிடித்த விஷயம் என்பது அப்போதுதான் உறைத்தது. வெட்கமாக இருந்தது. இந்த வெட்கத்தை வைத்து வேடிக்கையும் செய்ய முடியவில்லை.

தன் மேசைக்குப் போய்ப் புனிதாவுக்குப் போன் செய்தார்.

"அம்மா, எனக்கு இந்த வேல தெரியல. மொதல்லேர்ந்து சொல்லிக் குடுங்க."

"அண்ணே, ஒடம்பு சரியில்லையா?" என்றார் புனிதா.

புனிதா நேரில் வந்தார். ஒரு வெள்ளை எலும்பை எடுத்து மேசையில் தட்டிப் பார்த்தார். தட்டின ஓசையிலேயே முகம் மாறியது.

"இது பிபி இல்லியே."

"ஏபிஎஸ்."

"எப்ப மாத்துனீங்க?"

"நீங்க போன் பண்ணின அடுத்த மாசம்."

"எங்கிட்ட சொல்லல."

"சொல்லல" என்றார் திருச்செல்வம். அதோடு நிறுத்தினார். கூட ஒரு வேடிக்கை நாக்கு நுனி வரை வந்து நின்றது. விழுங்கினார்.

கேடு இரண்டு இடத்தில் இருந்தது. ஒன்று, ஏபிஎஸ்ஸோடு உருகிச் சேருகிற ரப்பர் வேறு, இவர் ஊற்றியது வேறு. இது உள்ளே இருந்ததைக் கட்டிப் பிடித்ததே தவிர, ஒட்டவில்லை. இன்னொன்று அவருடைய அழகான மாவிலை நுனி. காகிதம் போல மெலிந்த அந்த ஓரம் ஈரத்தில் நெகிழ்ந்து, நகம் பட்டதும் தூக்கிக்கொண்டது. ஒரு மூலை தூக்கினால் சோப்புத் தண்ணீர் உள்ளே போகும். போனபின் பிடித்துக்கொள்ள எதுவுமில்லை. புனிதா போனில் சொன்ன பள்ளமும் ஓட்டையும் இருந்திருந்தால், தப்பான ரப்பராக இருந்தும் இத்தனை சீக்கிரம் கழன்றிருக்காது.

ரப்பரை மாற்றுவது எளிது. பள்ளம்தான் வதை. சாமானில் பள்ளம் வேண்டுமென்றால் அச்சில் அந்த இடத்தில் இரும்பு மேடாக நிற்க வேண்டும். அச்சில் இருக்கிற இரும்பைச் சுரண்டி எடுப்பது சுலபம். இல்லாத இரும்பை எங்கிருந்து கொண்டு வந்து வைப்பது? பழைய இடத்தை வெட்டி எடுத்துவிட்டு, புதுத் துண்டு செய்து பொருத்த வேண்டியிருந்தது. அந்த வேலை நடந்த நாட்களில் லிம் திருச்செல்வத்தைப் பார்க்கும்போதெல்லாம் பெருமூச்சு விட்டார். எதிரில் வருவது அவர்தான் என்பதைத் திருச்செல்வம் அந்தப் பெருமூச்சிலேயே கண்டுகொள்வார்.

புது வரைபடத்தில் மாவிலை போய்விட்டது. ரப்பர் கனமாக வந்து ஒரு வரப்பில் முட்டி மொட்டையாக நின்றது. உடம்பின் குறுக்கே மூன்று ஓட்டைகள். அதன் வழியாக ரப்பர் ஒரு பக்கத்திலிருந்து மறு பக்கம் போய்க் கைகோத்துக்கொள்ளும். பார்க்க அப்படியொன்றும் அழகாக இல்லை. காலணி போட்ட கால் மாதிரி இருந்தது.

இந்தத் தடவை ஈரக் கையால் பார்த்தார்கள். வீட்டுக்கு நாலைந்து கொண்டு வந்தார். குமுதவல்லி பாத்திரச் சோப்பு போட்டு முறுக்கினார், தேங்காயெண்ணெய் தடவி முறுக்கினார், கடைசியில் குறடு வைத்து இழுத்தார். சுடுதண்ணீரில் ஊறப்போட்டார்கள். எல்லாவற்றிலும் கடினமான சோதனையை அப்பா நடத்தினார். அதற்கு அவரிடம் யாரும் சொல்லக்கூட இல்லை. டிவி முன்னால் மேசையில் ஒன்றை வைத்துவிட்டால் போதும். திருநாவுக்கரசு அதைக் கையில் எடுத்து, படம் பார்த்துக்கொண்டே ரப்பரின் ஓரத்தை நகத்தால் நோண்டுவார். நாற்காலி உறையைப் பஞ்சு தெரிய நோண்டிய நகம் அது. ஒரு வாரம் நோண்டினார். பிறகு அலுத்துப்போய் மேசையில் போட்டுவிட்டு, "என்னடா இது, ஒண்ணுத்துக்கும் ஆவாத சாமான்" என்றார்.

திருச்செல்வம் அன்று லிம்முக்குப் போன் செய்து, சாமான் தேறிவிட்டது என்றார். எப்படித் தெரியும் என்று லிம் கேட்டதற்கு, "எங்கப்பாவால முடியல" என்று மட்டும் சொன்னார்.

முதல் பெட்டியிலிருந்து ஒன்றை எடுத்துக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் சிரம்பானுக்குப் போனார். நாச்சியப்பன் வீட்டு வாசலில் நின்று மணியை அடித்தார். கதவைத் திறந்தவர் நாச்சியப்பனின் மனைவி செல்லம்மை ஆச்சி. இவர் பெயரைச் சொன்னதும் ஆச்சி உள்ளே திரும்பி, "ஏங்க, உங்களக் குளிப்பாட்டிவிட்டவரு வந்திருக்காக" என்றார்.

நாச்சியப்பன் வந்து உட்காரச் சொன்னார். திருச்செல்வம் உட்காரவில்லை.

"ஐயா, அன்னிக்கு நான் ஜோக்கு சொல்லிட்டு நின்னேன். ஒங்களுக்கு அடிபட்டிருந்துச்சு. தப்பு என்னோடது. வரஞ்சதும் நான்தான், சரியா பாக்காம விட்டதும் நான்தான். மன்னிச்சுருங்க."

சொல்லி முடித்துவிட்டார். வாழ்க்கையில் முதன்முறையாக ஒரு பேச்சை யாரையும் சிரிக்கவைக்காமல் முடித்தது போல இருந்தது.

"முழங்கை எப்பவோ ஆறிப்போச்சு தம்பி" என்றார் நாச்சியப்பன். "ஆனா ஒண்ணு. அன்னிக்கு நான் ஒடச்சுப்புட்டேன்னே நெனச்சுட்டேன். வீட்டுக்கு வந்தும் மனசு கேக்கல. புது வீட்டுல இப்படிப் பண்ணிட்டமேன்னு ரெண்டு நாள் தூக்கமில்ல."

அது திருச்செல்வம் எதிர்பார்க்காத அடி. முழங்கையைவிட அதுதான் வலித்தது. பையிலிருந்து புதுச் சாமானை எடுத்து நீட்டி, இப்போதே மாட்டித் தந்துவிடுவதாகச் சொன்னார்.

நாச்சியப்பன் அதைக் கையில் வாங்கிப் பார்த்தார். ஒருமுறை முறுக்கினார். நல்லாருக்கு என்றார். பிறகு திருப்பித் தருவதா வைத்துக்கொள்வதா என்று யோசித்துவிட்டு, "எங்களுக்கு வாளியும் செம்பும் போதும் தம்பி. தப்பா நெனக்காதீங்க" என்றார்.

"கறிவேப்பிலைக்குத் தண்ணி விட வச்சுக்கலாம்" என்றார் செல்லம்மை ஆச்சி.

அப்படியே வெளியே கொல்லையில் குழாயில் மாட்டிக் கொடுத்துவிட்டு வந்தார் திருச்செல்வம். காப்பி கொடுத்தார்கள். ஒரு கட்டு கறிவேப்பிலையும் கொடுத்தார்கள்.

கோலாலம்பூர்க்காரர்கள் மறுபடி சாமான் எடுத்தார்கள். திருச்செல்வத்தை யாரும் பாராட்டவில்லை. திட்டவுமில்லை. வாட்ஸாப்பில் ஒரு படமும் வரவில்லை. புதுக் கைப்பிடி எப்படியிருக்கிறது என்று லோகேஸ்வரியிடம் கேட்டபோது, "எந்தக் கைப்பிடி மாமா?" என்றார். அதற்குச் சந்தோஷப்படுவதா என்று தெரியாமல் திருச்செல்வம் இரண்டு நாள் யோசித்தார்.

சில மாதம் கழித்து லிம் வேறொரு வரைபடத்தைக் காட்டினார். பல் விளக்கும் பிரஷ். இரண்டு நிற ரப்பர். "பொலே கா?"

"தெரியாது பாஸ். பாத்துட்டுச் சொல்றேன்."

லிம் பேனாவைக் கீழே வைத்தார். வேறு கம்பெனியில் வேலை கிடைத்துவிட்டதா என்று மெல்லக் கேட்டார்.

கல்யாண மண்டபங்களில் அவர் இன்னும் பழைய பதிலைத்தான் சொல்கிறார். கேட்டவரின் மரியாதையைத் தானே தட்டிவிடுகிற சுகத்தை அவரால் முழுவதும் விட முடியவில்லை. குமுதவல்லி பக்கத்தில் இருந்தால் மட்டும் கொஞ்சம் சுருக்கமாகச் சொல்வார்.

போன வருஷப் பள்ளி விடுமுறையில் குடும்பத்தோடு போர்ட்டிக்சன் கடற்கரைக்குப் போகும் வழியில் ஒரு பெட்ரோல் நிலையத்தில் நிறுத்தினார்கள். கழிப்பறைக்குள் போன திருச்செல்வம் சுவரைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார். அவருடைய ஸ்பிரே. மாட்டும் கொக்கி உடைந்து, நைலான் கயிற்றில் தொங்கியது. வாயிலிருந்து தண்ணீர் ஒழுகிக்கொண்டிருந்தது. வெள்ளை உடம்பு மஞ்சளாகிப் போயிருந்தது. யாரோ சிகரெட்டால் சுட்ட தழும்புகூட ஒன்று இருந்தது. தினம் எத்தனை கை பட்டிருக்குமோ. அவர் குனிந்து, ரப்பரின் ஓரத்தில் நகத்தை வைத்து அழுத்திப் பார்த்தார். அசையவில்லை. சுற்றி வந்து மறு ஓரத்திலும் வைத்துப் பார்த்தார். ஒரு நூல்கூடத் தூக்கவில்லை. திருப்பிப் பிடித்து ஓட்டை இருக்கும் இடத்தை அழுத்தினார். சட்டை முன்பக்கம் நனைந்தது.

வெளியே யாரோ கதவைத் தட்டினார். இன்னும் நேரமாகுமா என்று மலாயில் ஒரு குரல் கேட்டது. அதற்குப் பின்னால் இன்னொருவர் தொண்டையைச் செருமினார்.

அவர் வெளியே வந்தபோது வரிசை வளைந்து நின்றது. நனைந்த சட்டையோடு, எதையோ வென்றுவிட்ட முகத்தோடு வருகிற மனிதரை எல்லாரும் ஒரு மாதிரிப் பார்த்தார்கள். அவர் யாருக்கும் எந்த விளக்கமும் சொல்லாமல் நடந்து போய்க் காடியில் ஏறினார்.

"உள்ள நம்ம சாமான் மாட்டியிருக்கு" என்றார் குமுதவல்லியிடம். "நகத்தால நோண்டிப் பாத்தேன். ஒரு ஓரம் தூக்கல."

குமுதவல்லி அவர் சட்டையைப் பார்த்தார். பிறகு அவர் கையைப் பார்த்தார்.

"கைய கழுவினீங்களா?"

திருச்செல்வம் காடியை விட்டு இறங்கி, மறுபடி போய் வரிசையின் கடைசியில் நின்றார்.